கைவேலையும் ஜாடியும்: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் தையல்காரர்களும் பின்னல்காரர்களும் ஜாம் கிளறுகிறவர்களும் கலந்து இருக்கிறார்கள். கேட்டது என்னவோ பெரும்பாலும் ஒன்றுதான்: புதுசாக என்ன செய்யலாம், யோசனை எங்கிருந்து வரும்? ஒரே பதிலாகச் சொல்ல முடியாது. கடிதம் கடிதமாகவே பார்த்துவிடலாம்.

கேள்வி: அக்கா, எம்பிராய்டரி, குரோஷா, பேப்பர் வேலை, ஊறுகாய் என்று போனில் படம் படமாகச் சேமித்து வைத்திருக்கிறேன். பார்க்கும்போது ஆசை பொங்குகிறது. இதுவரை ஒன்றைக்கூடத் தொடங்கவில்லை. எனக்கு ஊக்கம் போதவில்லையா?

ஊக்கம் உங்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. அதனால்தான் போன் நிரம்பி வழிகிறது. உங்களுக்கு இல்லாதது கையில் ஒரு பொருள். படத்தில் இருப்பது முடிந்த வேலை. எந்த நூல், எந்த ஊசி, எத்தனை தடவை பிரித்துப் போட்டார்கள் என்பதெல்லாம் அதில் தெரியாது. முடிந்ததைப் பார்த்துத் தொடங்கினால் முதல் தையலையே அதோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சோர்ந்துவிடுவோம்.

போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வீட்டில் மிஞ்சிக் கிடப்பது என்ன என்று பாருங்கள். காலர் தேய்ந்த சட்டை ஒன்று கட்டாயம் இருக்கும். காலரும் மணிக்கட்டுப் பட்டையும்தான் முதலில் நைந்துபோகும். முதுகுத் துணி அப்படியே திடமாக இருக்கும். முன்பக்கம் இன்னும் விசேஷம். பட்டி மடித்து, ஒரே இடைவெளியில் காஜா எடுத்து, பட்டன் தைத்து எல்லாவற்றையும் யாரோ ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள். பட்டன்களைப் போட்டபடியே முன்பக்கத்தைச் சதுரமாக வெட்டுங்கள். அதே அளவில் முதுகுத் துணியையும் வெட்டுங்கள். நல்ல பக்கங்கள் இரண்டும் உள்ளே ஒன்றையொன்று பார்த்தபடி வைத்து, நான்கு பக்கமும் தையுங்கள். பட்டன்களைக் கழற்றி வெளியே திருப்பினால் குஷன் உறை தயார். ஜிப் வைக்கத் தெரியாதே என்ற கவலையே கிடையாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. வெட்டும் கோடு பட்டன் மேல் விழக்கூடாது, இரண்டு பட்டன்களுக்கு நடுவில் விழ வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் ஊசி பட்டனில் முட்டி உடையும். சட்டைப் பை சதுரத்துக்குள் வந்தால் பிரிக்காதீர்கள், டிவி ரிமோட் போட்டுக்கொள்ளலாம்.

சேமித்த படங்களை அழிக்கச் சொல்லவில்லை. அச்சடித்த டிசைன் புத்தகங்கள் எல்லோர் கைக்கும் வருவதற்கு முன்பு ஐரோப்பாவில் பெண்கள் கண்ணில் பட்ட டிசைனை ஒரு துண்டுத் துணியில் கொஞ்சம் தைத்து வைத்துக்கொள்வார்கள். 1598-ல் ஜேன் பாஸ்டாக் என்ற பெண் தைத்த அப்படி ஒரு மாதிரித் துணி லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. தேதி போட்ட பிரிட்டிஷ் மாதிரித் துணிகளில் இதுவரை தெரிந்தவற்றில் பழையது அதுதான். அவர்களும் நம்மைப் போலச் சேமித்தவர்கள்தான். ஆனால் சேமிக்கும்போதே கை அதைப் பழகிக்கொண்டது. நீங்களும் பிடித்த படத்திலிருந்து முழு டிசைனையும் எடுக்காமல், ஒரு இலையை, ஒரு ஓரத்தை மட்டும் துண்டுத் துணியில் போட்டுப் பாருங்கள். துணி நிரம்பும்போது உங்களுக்கு உண்மையிலேயே எது பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். படத்தில் பிடிப்பது வேறு, செய்யப் பிடிப்பது வேறு.

கேள்வி: இன்னொருவர் செய்ததைப் பார்த்து அப்படியே செய்வது தப்பா?

கற்றுக்கொள்வதற்கும் வீட்டில் வைத்துக்கொள்வதற்கும் தாராளமாகச் செய்யுங்கள். எல்லோரும் அப்படித்தான் கற்றோம். யாரைப் பார்த்துச் செய்தீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். விற்பதாக இருந்தால் டிசைன் போட்டவரின் அனுமதி வேண்டும். நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு என் டிசைன் என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

கேள்வி: ஜாமில் கற்பனைக்கு இடம் உண்டா? சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, எலுமிச்சைச் சாற்றையும் விட்டுவிட்டு என் வழியில் செய்து பார்க்கிறேன். எவ்வளவு கிளறினாலும் இறுகமாட்டேன் என்கிறது.

கற்பனைக்கு இடம் உண்டு. ஆனால் நீங்கள் கை வைத்த இடம் அது இல்லை.

ஜாமை இறுக வைப்பது பழத்தில் இருக்கும் பெக்டின். தண்ணீரில் பெக்டின் இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகி நிற்கும். புளிப்பு சேர்ந்தால் அந்தத் தள்ளுமுள்ளு அடங்கும். சர்க்கரை சேர்ந்தால் இழைகளைச் சுற்றியிருக்கும் தண்ணீரை அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இரண்டும் நடந்தால்தான் இழைகள் நெருங்கி வந்து வலை போலக் கோத்துக்கொள்ளும். நீங்கள் ஒரே நேரத்தில் புளிப்பையும் எடுத்துவிட்டீர்கள், சர்க்கரையையும் குறைத்துவிட்டீர்கள். பழம் என்னதான் செய்யும்?

வழக்கமான ஜாமில் கடைசியில் சர்க்கரை 65 சதவீதம் அளவுக்கு நிற்கும். அந்த நிலையில் அது கொதிப்பது ஏறக்குறைய 104, 105 டிகிரி செல்சியஸில். இது கடல் மட்டக் கணக்கு. உயரமான இடத்தில் தண்ணீரே குறைந்த சூட்டில் கொதிக்கும். அதனால் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு உங்கள் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அதோடு நாலரை டிகிரி கூட்டிக்கொண்டால் அதுதான் உங்கள் அடுப்பின் கணக்கு. தெர்மாமீட்டர் சரியாக இல்லாவிட்டாலும் இந்த வழி கைகொடுக்கும்.

தெர்மாமீட்டரே இல்லையா? பீங்கான் தட்டு ஒன்றை ஃப்ரீசரில் வையுங்கள். ஜாம் கெட்டியாகத் தொடங்கும்போது அடுப்பை அணைத்துவிட்டு, அந்தத் தட்டில் அரை ஸ்பூன் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். விரல் நுனியால் ஓரத்திலிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். மேலே தோல் சுருங்குவதுபோல் சின்னச் சின்ன மடிப்பு விழுந்தால் பதம் வந்துவிட்டது. தள்ளிய இடத்தை ஜாம் ஓடி வந்து மூடினால் இன்னும் கொஞ்சம் கொதிக்க வேண்டும். அடுப்பை அணைக்காமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் சட்டியில் பதம் தாண்டிவிடும்.

சரி, கற்பனையை எங்கே காட்டுவது? எந்தப் பழத்தோடு எதைச் சேர்ப்பது என்பதில் காட்டுங்கள். ஸ்ட்ராபெரியில் பெக்டின் குறைவு. ஆப்பிளிலும் ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளின் வெள்ளைத் தோலிலும் நிறைய. இரண்டையும் ஜோடி சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். நன்றாகப் பழுத்த பழத்தோடு கொஞ்சம் செங்காயும் சேர்க்கலாம், அதில் பெக்டின் அதிகம். வாசனைக்கு ஏலக்காய், பட்டை, இஞ்சி, மிளகு எதையாவது மெல்லிய துணியில் முடிந்து கொதிக்கும்போது போட்டு எடுங்கள். பழத்தை மசிப்பதா, துண்டாக விடுவதா, தோலை நீளநீளமாக நறுக்குவதா என்பதும் உங்கள் இஷ்டம். ஒரே ஆரஞ்சில் தோலின் தடிமனை மாற்றினால் போதும், வேறு ஜாம் சாப்பிடுவது போலிருக்கும்.

சர்க்கரை குறைத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கென்று தனி பெக்டின் கிடைக்கிறது. சர்க்கரைக்குப் பதில் கால்சியத்தைக் கொண்டு இறுகும் வகை. அந்த ஜாமைக் கொஞ்சமாகச் செய்து ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் காலி செய்யுங்கள். சர்க்கரை இனிப்புக்காக மட்டும் அதில் இல்லை, ஜாம் கெடாமல் காப்பதும் அதுதான்.

கேள்வி: பூண்டையும் மூலிகை இலைகளையும் பச்சையாக எண்ணெயில் ஊறவைத்து, அழகான பாட்டிலில் அடைத்துச் சமையலறை அலமாரியில் வரிசையாக வைக்க ஆசை. பரிசாகவும் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எத்தனை மாதம் தாங்கும்?

மாதக் கணக்கே வேண்டாம். இதைச் செய்யாதீர்கள்.

கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மண்ணில் விளையும் எதன் மேலும் க்ளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். காற்றுப் படும் இடத்தில் அவை சும்மா கிடக்கும். காற்றுப் புகாத, ஈரமுள்ள, புளிப்பில்லாத இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். எண்ணெய்க்குள் மூழ்கிய பச்சைப் பூண்டு அவற்றுக்கு அப்படி ஒரு வீடு. நஞ்சு சேர்ந்த பிறகும் நிறம், மணம், ருசி எதுவும் மாறாமல் இருக்கலாம். மோந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது என்பது இங்கே செல்லாது. கொதிக்க வைத்தாலும் வித்துகள் சாவதில்லை. அழுத்தத்தில் 116 முதல் 121 டிகிரி வரை குறித்த நேரம் சூடு ஏற்றினால்தான் சாகும். அதற்கென்று சோதித்துப் பார்த்த கலமும் நேரமும் இருக்கின்றன. சமையல் குக்கரில் குத்துமதிப்பாக விசில் விடுவது அந்தக் கணக்கில் சேராது. பூண்டு எண்ணெய் வேண்டுமென்றால் அன்றைக்குக் கொஞ்சம் செய்து, மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

இந்த விஷயத்தில் எல்லை போடுவது பி.எச். (புளிப்பை அளக்கும் எண்) 4.6. அதற்குக் கீழே, அதாவது அதைவிடப் புளிப்பாக இருந்தால் இந்த வித்து முளைக்காது. வினிகர் ஊறுகாய் முறைகளில் 5 சதவீதம் அமிலம் உள்ள வினிகர் என்று குறித்து எழுதுவது இதனால்தான். புளிப்பு அதிகமாக இருக்கிறதே என்று தண்ணீர் கலந்து நீர்க்க வைத்தால் பாதுகாப்பும் நீர்த்துப்போகும். புளிப்பை அடக்கச் சர்க்கரை கூட்டுங்கள், வினிகரைக் குறைக்காதீர்கள். தக்காளி இந்த எல்லையை ஒட்டியே இருக்கும், சில ரகம் தாண்டியும் போகும். ஆகவே அடைத்து வைக்கும் தக்காளிக்கு எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ தனியாகச் சேர்க்க வேண்டும்.

பழங்காலத்தில் இதெல்லாம் பார்த்தா செய்தார்கள் என்று ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறார். பார்த்துத்தான் செய்தார்கள். நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர், மிட்டாய் செய்கிறவர், கண்ணாடிப் பாட்டிலில் உணவை அடைத்துக் கொதிநீரில் வைக்கும் முறையை வருடக்கணக்கில் சோதித்தார். பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்து, அந்த முறையை வெளியிடச் சொன்னது. 1810-ல் அது அச்சில் வந்தது. உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி வந்து கிருமிக் கணக்கைச் சொல்வதற்குள் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. அதுவரை காரணம் தெரியாமல் பலர் நோயில் விழுந்தார்கள். நமக்குத் தெரியும். தெரிந்த பிறகு சாக்குச் சொல்ல முடியாது.

அழகான பாட்டில் வரிசைதான் வேண்டுமென்றால் வினிகரில் செய்யுங்கள். சிவப்பு வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி வினிகரில் போட்டால் ஒரு மணி நேரத்தில் சுற்றியிருக்கும் நீரெல்லாம் ரோஜா நிறமாகும். ஊதா முட்டைக்கோஸும் அப்படியே. அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பூண்டு வினிகரில் போட்டேன், நீலப் பச்சையாகிவிட்டது. கொட்டிவிடவா?

கொட்ட வேண்டாம். பூண்டில் உள்ள கந்தகச் சேர்மங்கள் புளிப்பில் அமினோ அமிலங்களோடு சேர்ந்து வரும் நிறம் அது. சாப்பிடலாம். விருந்தாளிக்கு வைக்கும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கம்பளி நூல் நிறம் நிறமாக வாங்கி வைத்திருக்கிறேன். கடையில் பார்த்தபோது ஜொலித்தது. சேர்த்துப் பின்னினால் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது. நூல் தரமில்லையா?

நூல் மேல் பழி போடாதீர்கள் தம்பி. இதே புகார் பாரிஸில் கோப்லான் நெசவுச் சாலைக்கும் வந்தது. கறுப்பு நூல் சரியான கறுப்பாக இல்லை என்று. 1824-ல் அங்கே சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் வந்த நிறம்தான் கறுப்பை மங்க வைத்தது. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் அண்டை நிறமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது என்று 1839-ல் பெரிய நூலாகவே எழுதினார்.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. தபால் அட்டை அளவு அட்டை ஒன்றில் நூல்களைப் பக்கம் பக்கமாகச் சுற்றுங்கள். ஒவ்வொரு நிறமும் பின்னலில் எவ்வளவு வரப்போகிறதோ அதே விகிதத்தில் சுற்றுவது முக்கியம். ஜன்னல் வெளிச்சத்தில் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். எல்லா நூலும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் உங்கள் வியாதி அதுதான். நிறம் வேறு வேறாக இருந்தும் வெளிர்வும் அடர்வும் ஒன்றாகவே இருக்கிறது. நன்றாக அடர்ந்த ஒன்றோ மிக வெளிர் ஒன்றோ நடுவில் வந்தால் மற்றவையும் எழுந்துகொள்ளும்.

அந்த வெளிர் நிறத்துக்குப் புதிதாக நூல் வாங்கத் தேவையில்லை. சாயமேறாத வெள்ளைக் கம்பளி இருந்தால் வெங்காயத் தோலில் நீங்களே சாயம் போடலாம். நூலின் எடையில் பத்தில் ஒரு பங்கு படிகாரத்தைக் கரைத்து முதலில் நூலை அதில் மெல்லிய சூட்டில் ஊறவையுங்கள். பிறகு தோலை வேகவைத்து வடிகட்டிய நீரில் போடுங்கள். மஞ்சளில் தொடங்கி ஆரஞ்சு, பழுப்பு வரை வரும். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டுக் கிளறினால் கம்பளி சுருங்கிக் கட்டி தட்டிவிடும், ஜாக்கிரதை.

கேள்வி: வயது அறுபத்தெட்டு. கண்ணும் விரலும் முன்போல இல்லை. இனிமேல் புதிதாக ஒன்றைத் தொடங்குவது அபத்தமா?

அம்மா, மேரி டெலனி என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1700-ல் பிறந்தவர். எழுபது வயது தாண்டிய பிறகு ஒருநாள், மேஜையில் கிடந்த சிவப்புத் தாளும் ஜெரேனியம் பூவும் ஒரே நிறமாக இருப்பதைக் கவனித்தார். கத்தரிக்கோலை எடுத்துத் தாளில் இதழ் இதழாக வெட்டி வைத்தார். உள்ளே வந்த தோழி நிஜப் பூ என்றே நினைத்தாராம். அதற்குப் பிறகு ஏறக்குறைய பத்து வருடம், பார்வை போகும்வரை வெட்டிக்கொண்டே இருந்தார். ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பூக்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

பாட்டி மோசஸ் என்று அமெரிக்காவில் பெயர் வாங்கிய ஓவியர் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். எம்பிராய்டரி செய்துகொண்டிருந்தவர். மூட்டுவலியில் ஊசி பிடிக்க முடியாமல் போனபோது தூரிகையை எடுத்தார். அப்போது எழுபதுகளில் இருந்தார். ஊர்ச் சந்தைப் போட்டிக்குப் பழ ஜாடிகளையும் ஜாமையும் ஓவியங்களையும் சேர்த்தே கொண்டுபோனார். ஜாமுக்குப் பரிசு கிடைத்தது. ஓவியங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். மெல்லிய ஊசியை விட்டுவிட்டுத் தடித்த கம்பளி நூலும் பெரிய கண் ஊசியும் எடுங்கள். கறுப்புத் துணியில் தைக்காதீர்கள், கண்ணுக்குத் தண்டனை. மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டால் தைக்கும் துணியின் இழை இடைவெளி தெளிவாகத் தெரியும். கத்தரிக்கோல் கைப்பிடி விரலை அழுத்தினால் ஸ்பிரிங் வைத்தது கிடைக்கிறது, தானாகத் திறந்துகொள்ளும்.

கேள்வி: தொடங்கியது எல்லாம் பாதியில் நிற்கிறது. அலமாரியைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

திறந்து, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நின்றது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நின்றிருக்கும். கை வைக்கும் இடம், ஜிப், ஓரம் மடிப்பது என்று ஏதோ ஒரு வேலை உங்களுக்குப் பிடிக்காது. அது தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அந்த வேலையே வராத டிசைனாகப் பாருங்கள், அல்லது அந்த ஒன்றை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டராகத் தொடங்கியது கழுத்துத் துண்டாக முடிந்தால் யாரும் வழக்குப் போடப்போவதில்லை.

பிடிக்காமல் போனதைப் பிரித்துவிடுங்கள். கடைசியாகப் பின்னிய முனையிலிருந்து பிரிக்க வேண்டும், தொடங்கிய முனையிலிருந்து இழுத்தால் சிக்கிக்கொள்ளும். பிரிக்கப் பிரிக்க நாற்காலி முதுகில் சுற்றிக்கொண்டே வாருங்கள். நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் தொங்கவிட்டால் சுருளெல்லாம் போய்விடும். கடையில் வாங்கிய பழைய ஸ்வெட்டரைப் பிரிப்பதாக இருந்தால் முதலில் உள்தையலைப் பாருங்கள். துணி போல வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் விட்டுவிடுங்கள். பிரித்தால் துண்டு துண்டாகத்தான் வரும்.

கேள்வி: செய்ததெல்லாம் வீட்டில் குவிகிறது. சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்கி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். எனக்கோ செய்யாமல் இருக்க முடியவில்லை.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரிய ஜாடியில் ஜாம் வந்தால் அது கடன் மாதிரி, தீர்த்தாக வேண்டும். சின்ன ஜாடியில் கொடுங்கள், ஒரு வாரத்தில் காலியாகிவிடும். தையல் பொருள் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். என்ன நிறம், எந்த இடத்தில் வைப்பீர்கள் என்று இரண்டு கேள்வி. "ஐயோ, எதற்குச் சிரமம்" என்று பதில் வந்தால் புரிந்துகொள்ளலாம்.

யாருக்கு மறுபடி கொடுப்பது என்பதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். காலி ஜாடியைக் கழுவித் திருப்பித் தருகிறவருக்குத்தான் அடுத்தது. ஜாடியில் என்னென்ன சேர்த்தீர்கள், எந்தத் தேதியில் செய்தீர்கள், திறந்த பிறகு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா என்பதை லேபிளில் எழுதி ஒட்டுங்கள். லேபிளை மூடியில் ஒட்டாதீர்கள். மூடிகள் கழுவும்போது மாறிப்போகும்.